ஐரிஷ் ரயில் மாடல்: 16.5 மி.மீ. பாதையா, 21 மி.மீ. பாதையா, நாரோ கேஜா?

ஐரிஷ் ரயில்களை மாடலாகக் கட்ட இறங்குபவர்கள் முதல் தண்டவாளத்தை வாங்கும் முன்பே ஒரு கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள். அயர்லாந்தின் அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கிடையே உள்ள தூரம் (இதுதான் கேஜ்) 5 அடி 3 அங்குலம், அதாவது 1600 மி.மீ. கடையில் கிடைக்கும் மாடல் தண்டவாளமோ 4 அடி 8½ அங்குலப் பாதைக்காகச் செய்தது. இந்தியாவின், இலங்கையின் 1676 மி.மீ. பாதையை மாடல் செய்ய முயன்றவர்களுக்கு இதே சிக்கல் நன்றாகத் தெரியும்.

இந்த 5 அடி 3 அங்குலம் ஒரு சமரச அளவு. 1834-ல் திறந்த டப்ளின் – கிங்ஸ்டவுன் பாதை 4 அடி 8½ அங்குலம். 1839-ல் பெல்ஃபாஸ்டிலிருந்து ஓடத் தொடங்கிய அல்ஸ்டர் ரயில்வே 6 அடி 2 அங்குலம். டப்ளின் – ட்ரோஹெடா 5 அடி 2 அங்குலம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க பிரிட்டிஷ் வர்த்தக வாரியத்தின் அதிகாரி பாஸ்லி நடுவாக ஓர் அளவைப் பரிந்துரைத்தார்; 1846-ன் சட்டம் அதை உறுதி செய்தது. அன்றைய சமரசம் இன்றைக்கு மாடல்காரரின் மேசையில் 4.5 மி.மீ. வித்தியாசமாக வந்து நிற்கிறது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் புழங்கும் 4 மி.மீ. ஸ்கேலில் ஓர் அடி 4 மி.மீ. ஆகும். 5¼ அடிக்கு 21 மி.மீ. வேண்டும், கடையில் கிடைக்கும் ஓஓ (OO) வகைத் தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு.

## எதை வைத்து எடை போடுவது

பெரும்பாலோர் "எந்த கேஜ்?" என்று தொடங்குகிறார்கள். அது தலைகீழான வரிசை. முதலில் முடிவாக வேண்டியது ஆண்டும் இடமும். ஆண்டு முடிவானால் எந்த எஞ்சின், எந்த வண்ணக்கோலம் என்பது தானே முடிவாகும். அவற்றில் எவை ரெடி மாடலாகக் கிடைக்கும், எவற்றைக் கிட்டாக (உதிரிப் பாகங்களின் தொகுப்பாக) வாங்கிக் கட்ட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். கேஜ் கேள்விக்குப் பாதி விடை அங்கேயே இருக்கிறது. காரணம் எளிது: சேசிஸை (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டத்தை) எப்படியும் நீங்களே கட்டப்போகிறீர்கள் என்றால், அதை 16.5-க்குப் பதில் 21-க்குக் கட்டுவதில் கூடுதல் வேலை மிகக் குறைவு. பெட்டியிலிருந்து எடுத்ததும் ஓடும் எஞ்சினை 21-க்கு மாற்றுவதென்றால் நன்றாக ஓடும் ஒன்றைப் பிரித்துப்போட வேண்டியிருக்கும்.

மற்ற அளவுகோல்கள் இவை: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் சாலிடரிங் அயர்னோடு உட்கார முடியும், எத்தனை மீட்டர் நீள இடம் இருக்கிறது, உங்கள் எஞ்சின் நண்பர்களின் பாதையிலும் ஓட வேண்டுமா, பாதையை நேர் எதிரிலிருந்து, தண்டவாளத்தின் நீளவாக்கில் பார்ப்பீர்களா, பக்கவாட்டிலிருந்து பார்ப்பீர்களா. கடைசிக் கேள்வியைப் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை. அகலக் குறைவு பக்கவாட்டில் ஏறக்குறையத் தெரியாது. எஞ்சினின் முகத்துக்கு நேரே நின்றால் உறுத்தும்.

## வண்ணக்கோலம் சொல்லும் ஆண்டு

அயர்லாந்தில் எஞ்சினின் நிறத்தையும் எண் எழுதிய விதத்தையும் பார்த்தே ஆண்டைச் சில வருட இடைவெளிக்குள் சொல்லிவிடலாம். பழைய ஸ்டாக்கை (எஞ்சின், பெட்டிகளை) வாங்கும்போது இதைச் சரிபார்ப்பது அவசியம்.

வடக்கே ஜி.என்.ஆர். எனும் கிரேட் நார்தர்ன் தன் பயணிகள் எஞ்சின்களை 1930-களிலிருந்து வெளிர் நீலத்தில் ஓட்டியது. சட்டகமும் முன்முனைக் குறுக்குச் சட்டமான பஃபர் பீமும் செந்நிறம். கோச்சுகள் மஹோகனிப் பழுப்பு. 1932-ல் வந்த வி வகை, 1948-ல் வந்த விஎஸ் வகை 4-4-0 எஞ்சின்களை (எண்கள் முன், நடு, பின் சக்கரங்களின் எண்ணிக்கை) நினைத்தால் பலருக்கும் கண்முன் வருவது இந்த நீலம்தான். சரக்கு எஞ்சின்களுக்கு அது கிடையாது, அவை கருப்பு. நீலம் பூசிய யூஜி வகை 0-6-0 ஒன்றை யாராவது விற்றால் அது கற்பனை மாடல். 1958 அக்டோபர் 1-ல் ஜி.என்.ஆர். கலைக்கப்பட்டு, தெற்கின் போக்குவரத்து நிறுவனமான சி.ஐ.இ.க்கும் வடக்கின் யூ.டி.ஏ.வுக்கும் பிரிந்தது. பழைய ஜி.என்.ஆர். கோச்சுகளின் எண்ணுக்குப் பின்னால் சி.ஐ.இ. 'என்' என்ற எழுத்தைச் சேர்த்தது. கோச்சில் அந்த எழுத்து இருந்தால் உங்கள் பாதையின் ஆண்டு 1958-க்குப் பிந்தியது.

தெற்கில் நீராவிக் காலம் பெரும்பாலும் சாம்பல் நிறம்: எஞ்சினின் உடல், சக்கரம், சட்டகம் எல்லாமே ஒரே சாம்பல். டப்ளினின் இன்ச்சிகோர் பணிமனையில் 1939–40-ல் கட்டிய மேவ், மாக்கா, டால்டே ஆகிய மூன்று 4-6-0 எஞ்சின்கள் பச்சையில் வந்த விதிவிலக்கு.

டீசல் காலத்தில்தான் தவறுகள் அதிகம் நடக்கின்றன. மெட்ரோவிக் நிறுவனத்தின் ஏ வகை 60, சி வகை 34 எஞ்சின்கள் 1955-லிருந்து வெள்ளிப் பூச்சில் வந்தன. எண்ணெயும் பிரேக் தூசியும் படிந்ததும் அந்தப் பூச்சைத் துடைத்துச் சுத்தமாக்க முடியவில்லை. அதனால் பளபளக்கும் வெள்ளி எஞ்சின் வந்த புதிதுக்கு மட்டுமே பொருந்தும். பிறகு ஓடியது அழுக்குச் சாம்பலாகத்தான். அடுத்து பச்சை, அதன்பின் 1960-களில் கருப்பும், கருப்போடு ஆரஞ்சுப் பழுப்பும். 1961-ல் வந்த 15 ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின்கள், அதாவது பி121 முதல் பி135 வரை, சாம்பலும் மஞ்சளுமாக இறங்கின. 1972-ல் குளிரூட்டிய கோச்சுகளோடு சூப்பர்டிரெயின் ஆரஞ்சு–கருப்பு வந்தது. 1987-ல் சி.ஐ.இ.யின் ரயில் நிறுவனமாக ஐரான்ரோட் ஏரன் உருவானபின் அந்த ஆரஞ்சின் ஓரங்களில் வெள்ளைக் கோடுகள் ஏறின.

எண்ணின் வடிவம் இன்னும் உறுதியான சாட்சி. உள்ளே முதலில் இருந்த கிராஸ்லி டீசல் இயந்திரத்தின் தொல்லை தாங்காமல் ஏ வகைக்கு 1968-லிருந்து 1971 வரை ஜெனரல் மோட்டார்ஸ் 645 டீசல் இயந்திரம் பொருத்தினார்கள். மாற்றியவற்றின் எண்ணில் 'ஆர்' சேர்ந்தது. 1972-ல் முன்னெழுத்துகள் போய், ஏ39ஆர் என்பது 039 ஆனது. ஆகவே வெள்ளி நிறத்தில் ஏ39ஆர் இருக்க வழியில்லை. பச்சை நிறத்தில் 039-உம் இல்லை. ஏ39ஆர் என்ற எண்ணோடு சூப்பர்டிரெயின் கோச் வரிசையை இழுக்கவிட்டால் விவரம் தெரிந்தவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.

ஆண்டைத் தேர்ந்துவிட்டோம் என்று வைத்துக்கொண்டு இனி வழிகளைப் பார்ப்போம்.

## வழி 1: ஓஓ, 16.5 மி.மீ.

1961-க்குப் பிந்தைய சி.ஐ.இ. அல்லது ஐரான்ரோட் ஏரன்தான் உங்கள் விருப்பம் என்றால் இந்த வழிக்கு எதிராக வாதாடுவது கடினம். மர்ஃபி மாடல்ஸ் 121, 141, 181, 071, 201 வகை டீசல்களையும் கிரேவன்ஸ் கோச்சுகளையும் ரெடி மாடலாகக் கொண்டுவந்தது. ஐரிஷ் ரயில்வே மாடல்ஸ் ஏ வகை எஞ்சினையும், ஜல்லி ஹாப்பர், உருண்டைச் சிமெண்ட் வேகன், உர வேகன் போன்ற சரக்கு வண்டிகளையும் தந்திருக்கிறது. உடலின் உருவமும் வண்ணமும் சரியாக வந்த ஸ்டாக் இது. முந்தைய தலைமுறை, பிரிட்டிஷ் எஞ்சினுக்கு ஆரஞ்சு அடித்து ஐரிஷ் என்று சொல்லித் திருப்திப்பட வேண்டியிருந்தது.

இடக் கணக்கு: 121 வகை மாடல் சுமார் 159 மி.மீ., 141 வகை 176 மி.மீ., 201 வகை 275 மி.மீ. மார்க் 3 கோச் ஒன்று 300 மி.மீ.க்குச் சற்று மேல். 201-ம் எட்டு மார்க் 3-ம் சேர்ந்தால் ரயில் 2.7 மீட்டர் நீளம். அது நிற்க பிளாட்பாரம், அதன் இருபக்கமும் பாயிண்டுகள் (தடம் பிரியும் இடங்கள்), பின்னால் ஒளித்து நிறுத்தும் யார்டு என்று கூட்டினால் வீட்டில் தனி அறை கேட்கும். அதே அறையில் 141-ம் நான்கு கிரேவன்ஸும் ஓடும் ஒரு கிளைப்பாதை தாராளமாக அமையும். சிறிய இடம் உள்ளவர்களுக்கு 1960-களே நல்லது.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். மாடல்கள் தொகுதி தொகுதியாக வருகின்றன. ஒரு வண்ணக்கோலம் தீர்ந்துவிட்டால் அடுத்த தொகுதி வரும்வரை பழைய சந்தையில்தான் தேட வேண்டும். விலையும் அங்கே ஏறும். 121 வகைக்கு ஒரே பக்கம்தான் ஓட்டுநர் அறை. அதைத் திருப்ப, நீராவிக் காலத்து டர்ன்டேபிள் ஒன்று வேண்டும், அல்லது இரண்டை முதுகோடு முதுகாக இணைத்து ஓட்ட வேண்டும். எஞ்சினை வாங்கும்போது இந்தச் செலவு நினைவில் இருப்பதில்லை. மார்க் 3 விஷயத்திலும் எச்சரிக்கை: சி.ஐ.இ. கோச்சுகளுக்குத் தானியங்கிக் கதவுகள், பிரிட்டிஷ் மார்க் 3-க்குக் கையால் திறக்கும் கீல் கதவுகள். பிரிட்டிஷ் கோச்சுக்கு ஆரஞ்சு பூசினால் கதவிலேயே பிடிபட்டுவிடும்.

நீராவி எஞ்சின்களுக்கு இந்த வழி வறண்டது. ஜே15 எனப்படும் 101 வகை 0-6-0 ரெடி மாடலாகச் சிறு எண்ணிக்கையில் வந்திருக்கிறது. உல்விச் ஆயுதத் தொழிற்சாலையின் உதிரிகளிலிருந்து 1920-களில் அயர்லாந்தில் கட்டப்பட்ட 26 மோகல் (2-6-0) எஞ்சின்கள் இங்கிலாந்தின் என் வகையின் உடன்பிறப்புகள். ஆகவே என் வகையின் ரெடி மாடலை எடுத்துச் சாம்பல் பூசி, எண்ணை மாற்றினால் பெரும்பாலும் சரியாக வரும். இவை போகக் கிட்டும் ரெசின் உடல்களும்தான்.

அகலக் குறைவை மறைக்க உருப்படியான சில வேலைகள் உண்டு. தடித்த கோட் 100 தண்டவாளத்தை விட்டு, உயரம் குறைந்த கோட் 75 வாங்குங்கள். பெக்கோ நிறுவனத்தின் வழக்கமான ஸ்ட்ரீம்லைன் தண்டவாளத்தில் ஸ்லீப்பர்கள், ஹெச்ஓ எனும் சற்றுச் சிறிய ஸ்கேலின் கணக்கில் நெருக்கமாக இருக்கும். அவற்றின் அடியில் உள்ள பிளாஸ்டிக் இணைப்புகளை வெட்டி, ஸ்லீப்பர்களை 9–10 மி.மீ. இடைவெளிக்கு நகர்த்தினால் பாதையின் தோற்றமே மாறும். தண்டவாளத்தின் பக்கங்களுக்குத் துருப்பழுப்பு அடியுங்கள். மேசையைப் பார்ப்பவரின் மார்பு உயரத்துக்கு ஏற்றி, பாதையைப் பார்வைக்கு இணையாகப் போடுங்கள். பாதை நேராகப் பார்வையாளரை நோக்கி வரும் இடம் ஒன்றுகூட இல்லாமல் திட்டமிட்டால் பாதிக் குறை கண்ணுக்கே வராது.

## வழி 2: 21 மி.மீ.

சரியான அகலம் இதுதான். ரெடியாகக் கிடைக்காததும் இதுதான். தண்டவாளம், பாயிண்ட், சக்கரம் மூன்றையும் கையால் செய்ய மனம் ஒப்பினால் மட்டும் இறங்குங்கள்.

முதலில் ஈஎம், பி4 என்ற இரு பிரிட்டிஷ் 4 மி.மீ. அளவுத் தரங்களில் எதைப் பின்பற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும். பிரிட்டிஷ் ஈஎம் தரத்தின் சக்கரங்களை அகட்டிப் போடுவது ஒரு வழி. பி4 தரத்தின் மெல்லிய சக்கரங்களை அகட்டிப் போடுவது இன்னொன்று. இரண்டையும் ஒரே பாதையில் கலந்தால் பாயிண்டில் சக்கரம் விழும். அளவுகள் இப்படி:

| | ஈஎம் வழியில் 21 | பி4 வழியில் 21 |
|---|---|---|
| தண்டவாள அகலம் | 21.0 | 21.0 |
| சக்கர விளிம்பு ஓடும் இடைவெளி | 1.0 | 0.68 |
| சக்கரங்களின் உள்முக இடைவெளி | 19.3 | 19.92 |
| கிராசிங் முதல் செக் ரயில் வரை | 20.0 | 20.32 |

எல்லாம் மி.மீ. கடைசி வரிசைதான் உயிர்நாடி. கிராசிங் என்பது பாயிண்டில் இரு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் முனை; செக் ரயில் என்பது எதிர்ப்பக்கச் சக்கரத்தைப் பிடித்து வழிநடத்தும் துணைத் தண்டவாளம். உள்முக இடைவெளியோடு ஒரு சக்கரத்தின் விளிம்புத் தடிமனைக் கூட்டினால் வருவது, கிராசிங் முனைக்கும் செக் ரயிலுக்கும் இடையிலான அளவைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். கூடினால் எதிர்ச் சக்கரம் கிராசிங் முனையில் மோதி ஏறும். உள்முக இடைவெளி குறைந்துபோனால் சக்கரத்தின் பின்புறம் செக் ரயிலில் சிக்கும். வண்டி எப்போதும் ஒரே பாயிண்டில் தடம் புரண்டால் பாயிண்டையும், எல்லாப் பாயிண்டிலும் ஒரே வண்டி புரண்டால் சக்கர இடைவெளியையும் சந்தேகியுங்கள்.

பாயிண்ட் கட்ட, பாதை வரையும் டெம்ப்ளாட் மென்பொருளில் 21 மி.மீ. அகலத்தைக் கொடுத்து வரைபடம் அச்சிட்டு, அதன்மேல் செம்பு பூசிய ஸ்லீப்பர்களை ஒட்டி, கடைசல் பிடித்த மூன்றுமுனை கேஜை வைத்துத் தண்டவாளத்தைச் சாலிடர் செய்வது வழக்கம். ஒவ்வொரு ஸ்லீப்பரின் செம்பிலும் நடுவே வெட்டுக் கொடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் இரு தண்டவாளமும் ஷார்ட் ஆகும். மின்சாரம் கொடுக்கும் முன் மீட்டரால் ஒவ்வொன்றையும் சோதியுங்கள்; முழுதும் ஜல்லி போட்டபின் ஷார்ட்டைத் தேடுவது வேதனை. பழகிய கைக்கு ஒரு பாயிண்ட் இரண்டு மூன்று மாலை நேர வேலை. பத்துப் பாயிண்ட் உள்ள நிலையம் என்றால் அதை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

சக்கரங்களுக்கு வருவோம். வழக்கமான 26 மி.மீ. ஊசிமுனை அச்சு இந்த அகலத்துக்கு நெருக்கடி. ஈஎம் சக்கரத்தின் தடிமன் 2.3 மி.மீ. என்றால், 19.3-ஓடு இரு சக்கரமும் சேர்ந்து 23.9 ஆகிவிடும், பக்கத்துக்கு ஒரு மி.மீ.தான் மிச்சம். பேரிங்கில் சக்கரம் உரசும். 28 மி.மீ. அச்சுக்குப் போய், வேகனின் பக்கச் சட்டங்களை வெளியே தள்ளி ஒட்டுவதே சரியான வழி. ஐரிஷ் வேகன் உண்மையிலும் அந்த அளவு அகலமாகத்தான் இருந்தது.

டீசலை மாற்றும்போது சக்கரத்தை வெளியே இழுத்தால் மட்டும் போதாது. போகியின் (எஞ்சினின் அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டத்தின்) இரு பக்கச் சட்டங்களுக்கிடையே குறைந்தது 24.5 மி.மீ. வேண்டும். வார்ப்பிலேயே வந்த பிரேக் கட்டைகள் 16.5-க்கான சக்கர வரிசையில் நிற்கும்; அவற்றை வெட்டி வெளியே ஒட்டாவிட்டால் புதிய சக்கரத்தோடு வரிசை பிசகித் தொங்கும். மின்சாரம் எடுக்கும் தகடுகளையும் வெளிப்பக்கம் வளைக்க வேண்டும். நான்கு அச்சு கொண்ட 121, 141 போன்றவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. ஏ, 071, 201 போன்ற ஆறு அச்சு எஞ்சின்களில் நடு அச்சுக்குப் பக்கவாட்டு அசைவு தேவை. அதை அனுபவம் வந்தபின் தொடலாம். வாங்கும் முன் 21-க்கு மாற்ற இடம் விட்டுச் செய்த மாடலா என்று விவரத்தில் பாருங்கள். இடம் விடாத மாடலைக் கையில் வாங்கிவிட்டுப் போகியோடு மல்லுக்கட்டுவது வீண்.

இனி இந்த வழியின் பெரிய பலம். ஐரிஷ் நீராவி எஞ்சின்களில் பெரும்பாலானவை உள்சிலிண்டர் கொண்டவை: ஜே15, ஜி.என்.ஆர். எஸ் வகை 4-4-0, யூஜி வகை எல்லாமே அப்படித்தான். வெளியே பிஸ்டன் கம்பியோ வால்வு கியரோ இல்லாததால் சக்கரம் வெளியே நகர்ந்தாலும் மோத எதுவும் இல்லை. எட்ச் செய்த (அமிலத்தால் அரித்து வெட்டிய) பித்தளைக் கிட்டில் குறுக்குத் தகடுகளை மட்டும் அகலமாக வெட்டினால் சேசிஸ் 21-க்குத் தயார். ஸ்பிளாஷர்கள் (சக்கரத்தின் மேல்மூடிகள்) சக்கரத்துக்கு நேர்மேலே வந்து அமரும். 16.5-ல் அதே எஞ்சினின் ஸ்பிளாஷருக்கு உள்ளே ஒளிந்துகொண்டு சக்கரம் சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் மறக்காது. வெளிச்சிலிண்டர் கொண்ட உல்விச் மோகல், மூன்று சிலிண்டர் வி வகை, வடக்கின் 2-6-4 ஜீப் டேங்க் ஆகியவற்றில் முன் சக்கரத்துக்கும் குறுக்குத்தலைக்கும் (பிஸ்டன் கம்பியின் முனை) இடையே இடம் நெருக்கும். அங்கே கிராங்க் பின் நட்டை மெலிதாக அராவ வேண்டியிருக்கும்.

வளைவு ஆரம் 900 மி.மீ.க்குக் குறையக்கூடாது, ஆறு சக்கரம் இணைந்த எஞ்சினுக்கு 1200 நல்லது. வட்டமாக ஓடும் பாதை வேண்டும் என்பவர்கள் இதை முதலில் அறையில் அளந்து பார்க்கட்டும். நண்பர்களின் ஓஓ பாதையில் உங்கள் ரயில் ஓடாது. மாற்றிய எஞ்சினை விற்கும்போதும் வாங்குபவர் குறைவு. 40 வேகன் ஏற்கெனவே வைத்திருப்பவர் என்றால் 80 அச்சுகளை மாற்ற வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஜி.என்.ஆர். நீலமோ சாம்பல் நீராவிக் காலமோதான் வேண்டும், ஐந்தாறு எஞ்சின் போதும், சிறிய நிலையம், முன்னும் பின்னும் ஷண்டிங் என்பவருக்கு 21-ஐத் தயங்காமல் சொல்லலாம். எப்படியும் எல்லாவற்றையும் கட்டப்போகிறீர்கள். தவறான அகலத்தில் கட்டிவிட்டுப் பிறகு வருந்துவதில் பொருளில்லை.

## வழி 3: மூன்றடி நாரோ கேஜ்

அயர்லாந்தின் மூன்றடிப் பாதைகள் தனி உலகம். கவுண்டி டோனகால் 1959-ன் கடைசி நாளில் மூடியது. அதன் எஞ்சின்கள் ஜெரேனியம் சிவப்பு, ரயில்கார்கள் (தாமே ஓடும் பயணிகள் பெட்டிகள்) சிவப்பும் கிரீமும். டிராலி – டிங்கிள் தன் கடைசி ஆண்டுகளில் மாட்டுச் சந்தை நாட்களுக்காக மட்டும் ஓடி 1953-ல் நின்றது. வெஸ்ட் கிளேர் டீசலுக்கு மாறியும் 1961 ஜனவரி கடைசியில் மூடிற்று.

அகலச் சமரசம் இங்கே தேவையே இல்லை என்பது பெரிய நிம்மதி. 4 மி.மீ. ஸ்கேலில் 3 அடி என்பது 12 மி.மீ.; மீட்டர் கேஜுக்கான 12 மி.மீ. தண்டவாளமும் அதில் ஓடும் சேசிஸ்களும் சந்தையில் உண்டு. 5.5 மி.மீ. ஸ்கேலில் அது 16.5 மி.மீ.; ஓஓ மெக்கானிசத்தின்மேல் உடலைக் கட்டினால் போதும். அந்த ஸ்கேலுக்கு வீடு, மனிதர், மரம் எதுவும் தனியாக விற்பதில்லை, ஆனால் போர் விளையாட்டுக்கான 28 மி.மீ. மனித உருவங்கள் அளவில் மிக நெருங்கி வரும். 7 மி.மீ. ஸ்கேலில் அது 21 மி.மீ.; 4 மி.மீ. அகலப்பாதைக்கு வாங்கிய அதே கேஜ் கருவி இங்கும் உதவும்.

ஒரு ரயில்காரும் பின்னால் இரண்டு வேகனும்தான் முழு ரயில் என்பதால் இரண்டு மீட்டர் பலகையில் ஒரு முனையம் நிறைவாக அமையும். எஞ்சின்கள் அனைத்தும் கிட், முப்பரிமாண அச்சு அல்லது பிளாஸ்டிக் தகட்டில் சொந்தமாகக் கட்டுவது. கட்டும் விருப்பம் உண்டு, இடம் இல்லை என்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

ஒரு கண்ணி மட்டும் உண்டு. ஸ்ட்ராபேன் போல இரு பாதைகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் நிலையத்தைக் கட்டினால், அகலப்பாதையை 16.5-ல் போடாதீர்கள். உண்மையில் நாரோ கேஜ் அகலப்பாதையில் 57 சதவீதம். 12-ஐயும் 16.5-ஐயும் அருகருகே வைத்தால் அது 73 சதவீதமாகி, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் தெரியும். 12-ஐயும் 21-ஐயும் வைத்தால் சரியாக 57.

## வழி 4: 7 மி.மீ. ஸ்கேல்

ஓ கேஜ் தண்டவாளம் 32 மி.மீ.; ஐரிஷ் பாதைக்கு 36.75 வேண்டும். குறைவு 13 சதவீதம், ஓஓவின் 21 சதவீதத்தைவிடக் கண்ணுக்கு எவ்வளவோ மேல். அதனால் 32-லேயே திருப்தியாக ஓட்டுபவர்கள் உண்டு. 201 வகை இந்த ஸ்கேலில் 48 செ.மீ. நீளம், ஆகவே இது ஒரு எஞ்சின், நான்கைந்து வேகன், மூன்று பாயிண்ட் கொண்ட ஷண்டிங் பலகைக்கான வழி. கிட்டுகள் விலை அதிகம், ஆனால் எண்ணிக்கை குறைவு என்பதால் மொத்தச் செலவு ஒரு பெரிய ஓஓ பாதையைத் தாண்டாமல் நிற்கலாம். வயதின் காரணமாகச் சிறிய உறுப்புகள் கண்ணுக்குச் சிரமமானவர்களுக்கு இதை முதலில் சொல்ல வேண்டும்.

## அருகருகே வைத்துப் பார்த்தால்

| | ஓஓ 16.5 | 4 மி.மீ. 21 | நாரோ கேஜ் | 7 மி.மீ. 32 |
|---|---|---|---|---|
| அகலப் பிழை | 21% குறைவு | இல்லை | இல்லை | 13% குறைவு |
| ரெடி எஞ்சின் | டீசலுக்கு ஏராளம் | மாற்றியே ஆக வேண்டும் | கட்ட வேண்டும் | கட்ட வேண்டும் |
| ரெடி பாயிண்ட் | உண்டு | இல்லை | 12, 16.5-க்கு உண்டு | உண்டு |
| முதல் ரயில் ஓட | அன்றே | பல மாதம் | சில மாதம் | சில மாதம் |
| இடம் | நடுத்தரம் முதல் பெரிது | வளைவுக்கு அதிகம் | சிறிது | ஷண்டிங்குக்குச் சிறிது |
| பொருந்தும் காலம் | 1961-க்குப் பின் | 1958-க்கு முன் | 1961 வரை | எதுவும், சிறு அளவில் |

1955 முதல் 1962 வரையான இடைக்காலத்தை விரும்புபவர்கள்தான் உண்மையில் திண்டாடுகிறார்கள். சாம்பல் ஜே15-ம் வெள்ளி, பச்சை ஏ வகையும் ஒரே யார்டில் நின்ற அழகான ஆண்டுகள் அவை. ஒரு பாதி கிட், மறு பாதி ரெடி. இவர்களுக்கு என் கருத்து 16.5. ஏ வகை ஆறு அச்சு எஞ்சின்; யார்டில் அதுபோல் நான்கு நிற்க வேண்டும் என்றால் மாற்றும் வேலையிலேயே ஆண்டுகள் கரைந்துவிடும். நீராவி இரண்டு மூன்றாகவும் டீசல் ஒன்றாகவும் சுருங்கும் சிறு கிளைநிலையம் என்றால் மட்டும் 21.

இன்னும் முடிவு வராதவர்கள் பணத்தைப் பெரிதாகச் செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். 600 மி.மீ. நீளப் பலகை ஒன்றில் ஒரு பக்கம் ஸ்லீப்பர் நகர்த்திய கோட் 75 ஓஓ தண்டவாளத்தையும், அதற்கு இணையாகச் செம்பு ஸ்லீப்பரில் சாலிடர் செய்த 21 மி.மீ. தண்டவாளத்தையும் போடுங்கள். இரண்டுக்கும் ஜல்லி, துரு வண்ணம். ஒரே வேகன் கிட்டில் இரண்டு வாங்கி ஒவ்வொரு பாதைக்கும் ஒன்றாகக் கட்டி நிறுத்துங்கள். 21-ன் முதல் அரை மீட்டரைக் கட்டும்போது கை சலித்ததா, இன்னும் ஒரு மீட்டர் வேண்டும் என்று தோன்றியதா என்று கவனியுங்கள். பிறகு ஒரு பாயிண்டும் கட்டி, அதில் வேகனை முன்னும் பின்னும் இருபது முறை கையால் தள்ளிப் பாருங்கள். தடம் புரளாமல் போனால் 21-க்கான கை உங்களிடம் இருக்கிறது. புரண்டால் மேலே உள்ள நான்கு அளவுகளைக் காலிப்பரால் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அந்தச் சரிபார்ப்பு அலுப்பாக இருந்தால் 16.5-ல் ஒரு 141-ஐயும் கிரேவன்ஸையும் வாங்கி அன்றைக்கே ஓட்டத் தொடங்குங்கள்.